எந்தக் கடைக்கு எந்தப் பாரம்?

ஜார்ஜ்டவுன் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நகைக்கடைகள், நாணய மாற்றுக் கடைகள், உணவுக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கணக்கியல் படிக்கும் எனக்கு அந்தச் சாலையே ஒரு வரிப் பாடமாகத் தெரிகிறது. ஊழியர், தனி முதலாளி, பங்காளி எல்லாரும் ஒரே கடையில் நிற்கலாம். ஆனால், உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்கு அவர்கள் அனுப்பும் பாரங்கள் வெவ்வேறு.

சம்பளம் வாங்குபவர், வேறு வியாபாரம் இல்லையென்றால், பி.இ. பாரம் அனுப்ப வேண்டும். கெடு ஏப்ரல் 30. அதற்கு முன், பிப்ரவரி இறுதிக்குள் முதலாளி இ.ஏ. பாரம் தந்துவிட வேண்டும். சம்பளம், இ.பி.எஃப். சந்தா, மாதந்தோறும் பிடித்த வரி எல்லாம் அதில் இருக்கும். அதிகமாகப் பிடித்திருந்தால், பாரம் அனுப்பினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும்.

அதே ஊழியர் மாலையில் இணையத்தில் துணி விற்றால்? அது வியாபார வருமானம். அப்போது பி.இ. போதாது, பி பாரம் வேண்டும். கெடு ஜூன் 30. வரி விற்பனைக்கு அல்ல, இலாபத்திற்கு. 12,000 ரிங்கிட்டுக்கு விற்று, சரக்குக்கு 7,000, அஞ்சலுக்கு 1,000 செலவானால் கணக்கில் சேருவது 4,000தான். ஆனால், செலவுக்கு ரசீது வேண்டும். 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பகுதி நேரமாக விற்கும் மாணவர்கள் இதைக் கவனியுங்கள்.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைக்கு இன்னொரு ‘பி’ உண்டு. பெனாங்கின் முதல் எழுத்தான ‘பி’ அது. கூட்டு வியாபாரம் தனியாக வரி கட்டாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று அந்தப் பாரம் காட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம் சொந்தப் பாரத்தில் காட்ட வேண்டும். கடை சென்டிரியான் பெர்ஹாட்டாக மாறினால் சி பாரம். கணக்காண்டு முடிந்து 7 மாதத்திற்குள் அனுப்ப வேண்டும். முதலாளி இறந்து சொத்து பிரிக்கப்படாமல் இருந்தால் டி.பி. பாரம். இந்து கூட்டுக் குடும்பத்திற்கென்றே டி.எஃப். என்ற பாரமும் இருக்கிறது.

இந்தச் சாலையில் பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே. வரிக் கணக்கில் இரண்டுக்கும் கொடுப்பது ஒன்றல்ல. ஸக்காத் நேரடியாக வரியிலிருந்து கழியும். அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடை வருமானத்திலிருந்து கழியும். பண நன்கொடைக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரம்பு.

2004 முதல் தனிநபர்கள் தங்கள் வரியைத் தாங்களே கணக்கிடுகிறார்கள். முகவர் நிரப்பித் தந்தாலும் பொறுப்பு வரி செலுத்துபவருக்கே. தக்க காரணமின்றிப் பாரம் அனுப்பாவிட்டால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நம் தாத்தாக்களுக்கு மலாய்ப் பாரம் வாசிப்பது சிரமமாக இருக்கலாம்; நமக்கு அப்படியில்லை. வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால், அடுத்த முறை அவர்கள் கையெழுத்திடும் முன் பாரத்தின் தலைப்பெழுத்தையாவது ஒருமுறை பாருங்கள்.