ஊர் கண்ட காட்சி

ஒருவன் பேயைக் கண்டேன் என்றால் அவன் சொல்லை உலகம் ஐயுறும்; ஊரவர் அனைவரும் கண்டோம் என்றால் ஐயுறுவோர் சிலரே. பலர் கண்டது பொய்யாகாது என்பது வழக்கில் ஊன்றிய எண்ணம். நீதிமன்றத்திலும் ஒரு சாட்சியினும் பத்துச் சாட்சிக்கு வலிமை மிகுதி. ஆயின் அப்பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறியாது தனித்தனியே கண்டவராதல் வேண்டும். ஒருவன் சொல்லக் கேட்டு ஏனை ஒன்பதின்மரும் சென்று பார்த்தனராயின் அங்கே சாட்சி பத்து அன்று; ஒன்றரை எனலாம். பெருந்தொகையினர் ஒருங்கே கண்டனவாகச் சொல்லப்படும் அதிசயங்களை ஆராயப் புகுவோர் முதலில் நோக்கற்பாலது இதுவே.

நம் அளவை நூலார் காட்சியின் குற்றங்களை ஐயம், திரிவு என வகுத்தனர். மங்கிய ஒளியில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். இப்பியை வெள்ளி என்றும் கயிற்றைப் பாம்பு என்றும் துணிவது திரிவு. இவ்வெடுத்துக்காட்டுகளில் எல்லாம் காண்பான் ஒருவனே. ஆயிரவர் ஒரே வேளையிற் கயிற்றைப் பாம்பெனக் காண்பது எங்ஙனம்? அதற்கு விடை காண அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில பெரிதும் உதவும்.

1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் நாள் விடியுமுன், புதுடில்லிக் கோயிலொன்றிலே விநாயகர் திருவுருவத்தின் துதிக்கையருகே அன்பர் ஒருவர் கரண்டியிற் பாலை ஏந்தினார். பால் குறைந்தது. செய்தி தொலைபேசி வழியே பரந்தது. நண்பகலுக்குள் இந்தியாவின் நகரங்கள் பலவற்றிலும் கோயில் வாயில்களில் மக்கள் பாற்செம்புடன் வரிசையாக நின்றனர். இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளில் வாழும் இந்துக்களின் கோயில்களிலும் அவ்வாறே நிகழ்ந்தது எனச் செய்தி வந்தது. ஓரிரு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது.

அன்று கண்டதைச் சொன்னோர் பொய்யுரைத்தாரல்லர். பால் உண்மையாகவே குறைந்தது. எந்தத் திரவத்தின் மேற்பரப்பும் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்று தொழிற்படும். பௌதிக நூலார் இதனைப் பரப்பிழுவிசை என்பர். விளிம்புவரை நிரம்பிய கரண்டியிற் பால் சற்றுப் புடைத்து நிற்கும். அப்புடைப்புக் கல்லைத் தொட்டவுடன் அதனைப் பற்றிக்கொள்ளும். பற்றியது பின்னுள்ளதையும் இழுக்கும். பின்னர்ப் பால் தன் பாரத்தினாலே கல்லின்மீது மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். முன்வந்தோர் ஏந்திய பாலால் உருவம் நனைந்திருப்பின் வழிதல் இன்னும் எளிது. வெண்சலவைக் கல்லில் வெண்பாற் படலம் கண்ணுக்குப் புலப்படாது. அன்றியும், வந்தவர் கண்கள் கரண்டியிற் பதிந்திருந்தன. பீடத்தை நோக்கினார் அரியர். இந்திய அரசின் விஞ்ஞான தொழினுட்பத் துறையைச் சேர்ந்த ஆய்வாளர் பாலுக்கு நிறமூட்டிக் கரண்டியில் ஏந்தினர். கரண்டியை விட்டகன்ற பால் திருவுருவத்தின் முன்புறத்தே படர்ந்திருந்தமை அந்நிறத்தாற் புலனாயிற்று.

இவ்விளக்கம் எளிது. இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. கல்லுருவமும் பாலும் அன்று தோன்றியவை அல்லவே. நாடோறும் பாலபிடேகம் நிகழும் நாட்டிலே அதற்கு முன் இதனை எவரும் காணாதது ஏன்? அபிடேகத்திற் பாலைச் சொரிகிறார்கள். கரண்டியின் விளிம்பைத் துதிக்கையிற் பொருத்திப் பால் குறைகின்றதா எனக் காத்திருப்பதில்லை. அன்று புதிதாக வந்தது நோக்கும் முறையே. ‘இவ்வாறு செய்து பாருங்கள்’ என்ற செய்தியுடனேயே பார்க்கும் இடமும், பார்க்கும் வகையும், காணவேண்டிய பயனும் மக்களைச் சென்றடைந்தன. சைவ அன்பர் ஒருவருக்கு இவ்விளக்கத்தால் இழுக்கு யாதுமில்லை. கரண்டிப் பாலை அருந்தினாலன்றி விநாயகப் பெருமானின் அருள் நிலைபெறாது என்று எந்த ஆகமமும் கூறவில்லை.

சமயப் பற்றுடையோரிடத்தேதான் இத்தகையன நேரும் என எண்ணுதல் தவறு. 1954 ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரில் மாதங்களில் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடிகளில் நுண்ணிய குழிகள் விழுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. வடக்கே பெல்லிங்காம் என்னும் ஊரிற் தொடங்கிய பேச்சு ஏப்ரில் நடுவிற் சியாற்றில் நகரை அடைந்தது. ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் பழுதுற்றன எனப் பொலிசாருக்கு அறிவிக்கப்பட்டது. நகர மேயர் குடியரசுத் தலைவர் ஐசனோவரிடமே உதவி வேண்டினார். அவ்வாண்டு மார்ச் முதலாம் நாள் பசிபிக் தீவொன்றில் ஐதரசன் குண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டிருந்தமையால், அதன் நச்சுத் துகளே காரணம் எனப் பலர் அஞ்சினர். ஆராய்ந்தபோது பழைய வண்டிகளிற் குழிகள் மிகுதியாகவும் புதியவற்றிற் குறைவாகவும் இருந்தன. தெருக் கற்கள் பட்டு ஆண்டாண்டாக விழுந்த வடுக்களே அவை. கண்ணாடியினூடாகப் பார்த்துப் பழகிய மக்கள் அவ்வாரத்திற் கண்ணாடியையே பார்த்தனர், நிகழ்ந்தது அவ்வளவே. டில்லியில் அன்பும் சியாற்றிலில் அச்சமும் செய்த தொழில் ஒன்றே.

இதன் உளநிலையை முசாபர் செரிப் என்னும் உளநூலறிஞர் 1935 இல் வெளியிட்ட சோதனை தெளிவாக்கும். முற்றும் இருண்ட அறையிலே அசையாத சிறு ஒளிப்புள்ளியைச் சிறிது நேரம் நோக்கினால் அது அசைவது போலத் தோன்றும். எவ்வளவு தூரம் அசைந்தது எனத் தனித்தனியே கேட்டபோது ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவு கூறினர். குழுவாக இருந்து ஒருவர் கூறுவதை மற்றவர் கேட்கச் செய்தபோது அவர்கள் கூறிய அளவுகள் படிப்படியாக நெருங்கி வந்தன. பின்னர்த் தனியே விட்டபோதும் அவர்கள் குழுவின் அளவையே கூறினர். ஒருவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. தெளிவற்றதை நோக்கும் கண்ணுக்குப் பிறர் வாய்ச்சொல்லே அளவுகோல் ஆயிற்று.

செய்தி பரவாமலே பலர் ஒன்றைக் காணும் வகையும் உண்டு. உறக்கத்தில் மார்பின்மீது ஏதோ ஒன்று ஏறியமர்ந்து அசையவொட்டாது அழுத்துவதாக நம்மவர் கூறுவர். அதற்கு அமுக்குவான் என்று பெயருமிட்டனர். கடல் கடந்த நியூபவுண்லாந்துத் தீவினர் அதனைக் கிழவியொருத்தியின் செயல் என்பர். இவ்விரு சாராரும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டறியாதவர். கனவு காணும் வேளையில் உடற்றசைகள் செயலற்றிருத்தல் இயற்கை. அந்நிலை நீங்குமுன் அறிவு விழித்துக்கொண்டால் கண் திறந்திருக்கும், கை எழாது, கனவின் உருவங்களும் எதிரே நிற்கும். மனித உடம்பு எங்கும் ஒன்றாதலின் அநுபவமும் ஒன்றாயிற்று. அதற்குப் பேயென்றும் கிழவியென்றும் பெயரிடுவது மட்டுமே ஊர்.

இத்துணையும் பெரும்பாலும் தீங்கற்றவை. தீங்கு நேர்ந்ததற்கு வெளிநாட்டைத் தேடவேண்டியதில்லை. உடம்பில் எண்ணெயோ கிறீசோ பூசிப் பிடிக்கு அகப்படாது வழுக்கி ஓடும் கள்வனைப் பற்றிய கதை இலங்கையிற் பழையது. 2011 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அக்கதை கிறீஸ் பூதம் என்னும் பெயருடன் எழுந்து மலைநாடு, கிழக்கு, புத்தளம், யாழ்ப்பாணம் எங்கும் பரந்தது. இரவிற் பெண்களைத் தாக்கி மறையும் மர்ம மனிதர் உளர் என்ற பேச்சால் ஆடவர் தடியேந்திக் காவல் நின்றனர். ஊவாவின் மலைப்பகுதியில் இருவர் கூட்டத்தினராற் கொல்லப்பட்டனர். புத்தளத்திற் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் மக்களுக்கும் படையினருக்குமிடையே மோதல் நிகழ்ந்து பலர் கைது செய்யப்பட்டனர்.

இதனை வெறும் மனமயக்கம் என ஒதுக்குவோரும் உண்மையை முழுதும் கண்டவராகார். மயக்கமே காரணமாயின், தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் இடங்களில் அது மிக்கெழுந்தது ஏன்? யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள் சென்றிருந்தன. ஆண்துணை இழந்த குடும்பங்கள் பல. படைமுகாம்கள் அருகே இருந்தன. முறைப்பாடு செய்தாற் பயன் விளையும் என்ற நம்பிக்கை அருகியிருந்தது. இரவில் வேலியருகே அசைந்த நிழல் யாதாயினும், அதனைக் கண்டவளின் அச்சத்துக்குக் காரணம் பகலிலேயே இருந்தது. பாலுக்கு நிறமூட்டிச் சோதித்தது போலவோ, கண்ணாடிக் குழிகளைப் பழைய வண்டி புதிய வண்டி எனப் பிரித்து எண்ணியது போலவோ, அம்முறைப்பாடுகளுள் உண்மைத் தாக்குதல் எது, நிழல் எது, சாதாரண களவு எது என அமைதியாகப் பிரித்தறிந்து மக்கள் நம்பும்வண்ணம் கூறுவார் அன்று இருந்திலர். அதனால் ஊர் தானே விசாரித்தது; தானே தீர்ப்பும் அளித்தது.