குரங்காடுதுறையின் நெல்

விதைக் கடைக்குப் போய், "ஏடிடி 37 இருக்கா?" என்று கேட்கிற விவசாயி திருவள்ளூரிலும் இருப்பார், தென்காசியிலும் இருப்பார். அந்த மூன்று எழுத்து ஓர் ஊரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு கடைத்தெரு, சின்ன ரயில் நிலையம், சுற்றிலும் வயல். பேரூராட்சிதான், ஆடுதுறை.

பக்கத்து ஊர் மயில் ஆடிய துறை என்றால், இது குரங்கு ஆடிய துறை. தேவாரத்தில் தென்குரங்காடுதுறை; பேச்சுவழக்கில் குரங்கு எப்போதோ உதிர்ந்துவிட்டது. செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்களோ சூரியனார்கோயிலுக்கு ஆட்டோ தேடுகிறார்கள்.

இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-ல். அது வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் ஊரின் பெயரும் ஓர் எண்ணும்தான் அடையாளம். ஜப்பானின் நோரின் 10-ஐ நம் ஜி.இ.பி. 24-உடன் கலந்து வந்த ஏடிடி 27, 1960-களில் தஞ்சைக் குறுவையையே மாற்றிப் போட்டது. இட்லிக்கு ஏற்ற குண்டு நெல் 37, சன்னமான 43 எல்லாம் பிறகு வந்தவை.

டெல்டாவில் ஒரு நெல்லைப் பற்றி முதலில் கேட்பது மகசூல் அல்ல, வயது. 37-க்கு 105 நாள், 43-க்கு 110. சம்பாவுக்கு விடும் சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். ஐந்து நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று நமக்குத் தோன்றலாம். மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்து நிற்கும். குறுவையின் நாற்று, நடவு, கதிர், அறுப்பு எல்லாம் இந்த இடைவெளிக்குள் முடிய வேண்டும். போர்செட் உள்ளவர் முன்கூட்டியே நாற்று விட்டுவிடுவார். ஆற்றுத் தண்ணீரை நம்பியவருக்குத்தான் நெருக்கடி. 2024-ல் அணை திறந்தது ஜூலை 28. அவர்களுக்கு அந்த வருடம் குறுவையே இல்லை என்றுதான் அர்த்தம்.

அறுவடை சமயத்தில் இந்தப் பக்கம் வந்தால் சாலையில் பாதி நெல்லாக இருக்கும். வயல் ஈரமாக இருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. கூடுதல் வாடகை கொடுத்து பெல்ட் வண்டி பிடிக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை பெய்த வருடங்களில் 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கோரிக்கை போகும். அங்கிருந்து குழு வந்து பார்த்துப் போவதற்குள் மூட்டைக்குள் நெல் முளைவிடும். ஆண்டுதோறும் வரும் மழைக்கு ஆண்டுதோறும் புதிதாக அனுமதி கேட்பது எனக்குப் புரியாத நடைமுறை.

சாலையோரம் மூன்று மா நிலத்து நெல்லை, அதாவது ஓர் ஏக்கர் விளைச்சலை, காலால் கிளறிக்கொண்டே நடந்தார் ஓர் அம்மாள். நாலு மணியை எடுத்துக் கடித்தார்.

"டக்குனு உடையணும் தம்பி. இது இன்னும் நசுங்குது."

"மிஷின்ல வச்சுப் பாத்தீங்களாம்மா?"

"காலையில 19 காட்டுச்சு."

வடக்கே கருக்கல் கட்டியிருந்தது. அவர் தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.