பெருவிலங்குகளும் மண்ணின் வளமும்

மண்ணின் வளம் ஓரிடத்தே நிலைத்து நிற்பதன்று, இடம்பெயரும் இயல்புடையது. மழைநீர் மேட்டு நிலத்திலுள்ள பொசுபரசு, நைதரசன் முதலிய போசணைப் பொருள்களை அரித்தும் கரைத்தும் ஆற்றிற் சேர்க்கின்றது. ஆறு அவற்றைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றது. நீரின் வழி மேட்டிலிருந்து பள்ளத்துக்கே. அங்ஙனமாயின், பள்ளத்திற் சேர்ந்த வளத்தை மீண்டும் மேட்டுக்கு ஏற்றுவது யாது? காற்றிற் பறக்கும் தூசி ஒருசிறிது ஏற்றும். அதனை ஒழித்தால், இத்தொழில் பெரும்பாலும் விலங்குகளையும் பறவைகளையுமே சார்ந்தது. அவற்றுள்ளும் பெரிய தாவரவுண்ணிகளுக்குத் தனியிடம் உண்டு.

இதற்குக் காரணங்கள் மூன்று. பொதுவாக உடல் பெரிதாகுந்தோறும் உணவு குடலில் தங்கும் காலம் மிகும். நாள்தோறும் நடக்கும் தூரமும் மிகும். ஆகவே ஓரிடத்து உண்டது நெடுந்தொலைவில் எருவாய் விழும். மேலும், வறண்ட நிலத்தில் விழுந்த சருகு மக்குவதற்கு நெடுங்காலஞ் செல்லும். வெம்மையும் ஈரமும் நுண்ணுயிர்களும் நிறைந்த குடலிலோ அது சில நாளிற் சிதைந்துவிடும். யாழ்ப்பாணத்து உழவர் பகலில் தரவையில் மேய்ந்த ஆடுமாடுகளை இரவில் தோட்டத்திற் பட்டியடைத்து எருப்பெறும் வழக்கமும் இவ்வியற்கை நியதியைப் பயன்கொண்டதேயாம்.

கென்யாவில் ஊற்றெடுத்து, தன்சானியா வழியாக விக்ரோறியா ஏரியை அடையும் மாரா ஆறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வாற்றில் ஏறத்தாழ 4,000 நீர்யானைகள் வாழ்கின்றன. அவை இரவிற் கரையேறிப் புல் மேய்ந்து, பகலில் நீருட் கிடக்கும். அவற்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36,000 கிலோகிராம் சாணம் ஆற்றிற் சேர்வதாக 2015 இல் வெளியான ஆய்வு கணித்தது. புல்லிலுள்ள சிலிக்கன் நாளொன்றுக்கு 400 கிலோகிராம் அளவில் இவ்வழியே நீரை அடைவதை 2019 இல் வெளியான பிறிதோராய்வு காட்டிற்று. நீர்நிலைகளின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையாகிய தயற்றம் என்னும் நுண்பாசிகள் தம் ஓட்டை அமைப்பது இச்சிலிக்கனாலேயாம்.

ஆயின் வளமும் அளவு கடந்தால் நஞ்சாகும். நீரோட்டங் குறைந்த மடுக்களில் சாணம் தேங்கி அழுகும்போது ஒட்சிசன் அற்றுப்போகின்றது. பின்னர்ப் பெருமழை பெய்து அம்மடுக்களை அலசும்போது ஆற்று மீன்கள் கூட்டமாய் மடிதல் உண்டு. எனவே விலங்கின் தொகையோடு ஆற்றின் நீரளவும் எண்ணப்பட வேண்டியதாகும்.

இனி, இவ்விலங்குகள் அழிந்த நாட்டின் நிலை யாது? அமேசன் காட்டிற்குப் பொசுபரசை அளிப்பன அந்தீசு மலையின் வண்டலைக் கொணரும் ஆறுகள். முற்காலத்தில் யானை போன்ற மாபெரும் விலங்குகளும் நிலத்தில் வாழ்ந்த பேருருவத் தேவாங்கினங்களும் ஆற்றங்கரையில் உண்டு, உட்காட்டிற் கழித்து, அவ்வளத்தைப் பரப்பின. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் அவை மறைந்தொழிந்தன. அதனால் அமேசனிற் பொசுபரசு பக்கவாட்டிற் பரவும் அளவு 98 சதவீதம் குறைந்திருக்கும் என 2013 இல் டவுற்றி, வுல்வ், மல்கி என்னும் அறிஞர் மூவர் கணித்தனர். உலகின் நிலவிலங்குகள் வளத்தைப் பரப்பும் ஆற்றல் முன்னிருந்ததில் 8 சதவீதமாகச் சுருங்கிற்று என்பது 2016 இல் வெளியான மற்றொரு கணிப்பு.

கால்நடைகள் இக்குறையை நிரப்பாவோ எனின், வேலிக்குள் அடைபட்ட மந்தை உண்ட இடத்திலேயே கழிக்கும்; வளம் ஓரிடத்திற் குவியுமேயன்றிப் பரவாது. ஆதலின் பெருவிலங்குகளைக் காத்தலென்பது அவற்றின் உயிரைக் காப்பதோடு முடிவதன்று. அவை நடமாடும் வழிகளையும் திறந்து வைத்தல் வேண்டும். வழி அடைபட்டால் விலங்கு எஞ்சினும் அதன் தொழில் எஞ்சாது; தொழில் நின்றால், இழப்பு அவ்விலங்கோடு நில்லாது மண்ணையும் சென்று சேரும்.