மரணப் பள்ளத்தாக்கில் ஒரு வெப்பக் கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரணப் பள்ளத்தாக்கு என்றொரு பாலைநிலம் இருக்கிறது. அதிலுள்ள பேட்வாட்டர் என்னும் இடம் கடல் மட்டத்திற்கும் 86 மீட்டர் கீழே கிடக்கிறது. கோடையில் அங்கே நிழலிலேயே வெப்பநிலை 50 டிகிரி செல்சியசை எட்டுவதுண்டு. 1974இல் ஆல் அர்னால்டு என்பவர் அங்கிருந்து விட்னி மலையுச்சி வரை ஓட முயன்றார். சுமார் 29 கிலோமீட்டரிலேயே உடலில் நீர் வற்றி, ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தது. மறு ஆண்டு முழங்கால் காயம் தடுத்தது. 1977இல்தான் வெற்றி கிட்டியது.

1987 முதல் இது ஒரு போட்டியாக நடைபெறுகிறது. இப்போது தூரம் 217 கிலோமீட்டர். மலையின் நடைபாதை தொடங்கும் இடத்தோடு ஓட்டம் முடிகிறது. வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. ஓடுகிற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு வண்டியும் உதவிக் குழுவும் அழைத்து வரவேண்டும்.

காலால் ஓடுகிறவருக்கு வண்டி எதற்கு? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டக்காரரின் எடை 60 கிலோ. வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகும். ஆக, மணிக்கு 360 கிலோ கலோரி. இதில் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி 270 கிலோ கலோரியும் வெப்பமே. 60 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேறாவிட்டால், ஒரே மணி நேரத்தில் 37 டிகிரியாக இருந்த உடல் 42 டிகிரியைத் தாண்டிவிடும். 40 டிகிரியே உயிருக்கு ஆபத்து!

வெப்பம் வெளியேற என்ன வழி? தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்றோ 50 டிகிரி. வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். எனவே காற்றும், வெயிலும், கொதிக்கும் சாலையும் உடலுக்குள் வெப்பத்தைச் செலுத்துகின்றன. எஞ்சிய ஒரே வழி வியர்வை ஆவியாதல்.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கிலோ கலோரி உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்லும். உடலின் சொந்த வெப்பத்தைப் போக்கவே மணிக்கு அரை லிட்டர் வேண்டும். வெளியிலிருந்து வருவதையும் சேர்த்தால் ஒரு லிட்டரைத் தாண்டும். ஒரு பகலுக்கே பன்னிரண்டு லிட்டர் என்றால், அது 12 கிலோ சுமை. சுமை கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் வியர்வை கூடும். வியர்வை கூடினால் இன்னும் தண்ணீர் சுமக்க வேண்டும்! வண்டியின் அவசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

குழுவினர் ஓட்டக்காரரின் கழுத்தில் பனிக்கட்டித் துணியைச் சுற்றுகிறார்கள்; உடல்மேல் தண்ணீரும் தெளிக்கிறார்கள். எது அதிக வெப்பத்தை எடுக்கும்? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் பனிக்கட்டி என்பார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 35 டிகிரிக்கு வர எடுப்பது 115 கிலோ கலோரிதான். ஆவியாகும் ஒரு லிட்டர் தண்ணீரோ அதைப்போல் ஐந்து மடங்கு எடுக்கிறது. அதில் ஒரு பகுதி காற்றிலிருந்து வந்தாலும், ஆதாயம் பெரிதே. நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதும் இப்படித்தான்.

ஆனால் இது உலர்ந்த காற்றில்தான் பலிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதனால் 38 டிகிரியே அங்கு ஆபத்தாகலாம்.

இன்னொன்று: வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். ஆகவே குடித்த நீரையும் கொடுத்த உப்பையும் குழுவினர் குறித்துவைக்கிறார்கள். உடல் மிகச் சூடேறினால் முதலில் தடுமாறுவது அறிவு. “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்லும்போது, அதை நம்பாமல் நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டும். குழுவின் தலையாய வேலை அதுவே.

வயலிலோ மைதானத்திலோ வெயிலில் ஒருவர் குழறிப் பேசினால் தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, நன்றாக விசிறுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.