கணினியில் இணைய வானொலி: எந்த மென்பொருளை நம்புவது?

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள எலவனாசூர்கோட்டை, பண்பலை நிலையங்கள் உள்ள புதுச்சேரி, திருச்சி, சேலம் ஆகிய மூன்று நகரங்களுக்கும் இடையே, எதற்கும் அருகில் இல்லாமல் அமைந்த ஊர். பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை ஆதலால், தொலைவு கூடக்கூடப் பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் மேடுகளும் அவற்றை மறைத்துவிடுகின்றன; கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைக்குள் இருக்கும் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இத்தடை இன்னும் கடுமையானது. சிற்றலை வானொலிப் பெட்டிக்கு இந்தக் குறை இருந்ததில்லை. அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பிய அலைகள் பிபிசி தமிழோசையை எந்தக் குக்கிராமத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தன. அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தப்பட்டது. இன்று சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எஃப்.எம்., இலங்கையின் சூரியன், சக்தி ஆகியவற்றையும் ஆகாசவாணியின் பல்வேறு நிலையங்களையும் இப்பகுதியில் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் இணையமே வழி. கணினியில் அவற்றைக் கேட்பதற்கான மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அதனால் எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல.

இணைய வானொலி நிலையம் தன் ஒலியை எம்பி3, ஏஏசி போன்ற சுருக்க முறை ஒன்றால் சிறிதாக்கி, சர்வர் எனப்படும் கணினியின் வழியே இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த ஒலியோட்டத்துக்கென்று ஒரு தனி முகவரி உண்டு. நிலையத்தின் இணையதள முகவரி வேறு, இது வேறு. ஆகாசவாணி உள்ளிட்ட பலர் பின்பற்றும் எச்.எல்.எஸ். முறையில், ஒலி சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகிறது. இதனால்தான் கணினியில் கேட்கும் செய்தி, கடிகாரம் உரிய நேரத்தைக் காட்டிச் சற்றுப் பொறுத்தே தொடங்குகிறது. இது பழுதன்று, அம்முறையின் இயல்பு.

பிரவுசரில் நிலையத்தின் தளத்தைத் திறந்து கேட்பது பலருக்கும் பழகிய வழி. ஆனால் அவ்வழியில் நிலையம் எதை வைத்திருக்கிறதோ அதையே நேயர் நம்பியிருக்க வேண்டும். ஒரு காலத்தில் எண்ணற்ற வானொலித் தளங்கள் அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளை நம்பியிருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவு முடிந்தபோது, மாற்றிக்கொள்ளாத தளங்களின் பொத்தான்கள் செயலற்றுப் போயின, ஒலியோட்டம் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தாலும்கூட. ஆயிரக்கணக்கான நிலையங்களைத் தாமே தொகுத்துத் தரும் செயலிகள் வசதியானவைதாம். எனினும் நிறுவனம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ நேயர் சேர்த்துவைத்த பட்டியலும் அதோடு போய்விடும். ஆகவே, ஒலியோட்டத்தின் முகவரியை நேரடியாக ஏற்றுக்கொண்டு, அதை நேயரின் கையிலேயே கோப்பாக விட்டுவைக்கும் மென்பொருளே சிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அழகிய முகப்பும் நிலையங்களின் எண்ணிக்கையும் இதற்குப் பின்னரே கருதத்தக்கவை.

இந்த அளவுகோலில் முன்னிற்பது விஎல்சி. பாரிஸின் எகோல் சென்ட்ரல் கல்லூரியில் மாணவர்களின் முயற்சியாக 1996-இல் தொடங்கி, 2001-இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியான இந்த பிளேயர், விலையின்றிக் கிடைப்பது; விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்குவது; எச்.எல்.எஸ். உட்பட வழக்கிலுள்ள ஒலி வடிவங்கள் அனைத்தையும் ஏற்பது. கன்ட்ரோல் விசையுடன் என் எழுத்தை அழுத்தினால் திறக்கும் கட்டத்தில் முகவரியை ஒட்டிவிட்டால் போதும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்றுவந்த பழைய லேப்டாப்பே பல வீடுகளில் இன்னமும் ஒரே கணினி என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும். நினைவகம் குறைந்த அக்கணினிகளில், விளம்பரங்கள் நிறைந்த பிரவுசர் பக்கம் ஒன்று பிடிக்கும் இடத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும். ஒலியை மட்டுமே கேட்போர் விண்டோஸில் இதைவிட எளிய ஃபூபார்2000-ஐயும், லினக்ஸில் ரிதம்பாக்ஸையும் நாடலாம். 1997-இல் வந்து, உலகெங்கும் பலரைக் கணினியில் பாட்டுக் கேட்க வைத்த வினாம்ப், பழைய அன்பர்களுக்கு இன்றும் உண்டு.

டவர் கூடியும் குறைந்தும் வரும் ஊர்களில் ஒலி அடிக்கடி அறுபடுவதற்கு மென்பொருளில் ஒரு மருந்து இருக்கிறது. வரவிருக்கும் ஒலியை முன்கூட்டியே சிறிது வாங்கிச் சேர்த்துவைப்பது பஃபர் எனப்படும். குடத்தில் தண்ணீர் பிடித்துவைத்த வீட்டில் குழாய் சற்று நின்றாலும் தெரியாததைப் போல, இணைப்பு சில நொடிகள் தடைபட்டாலும் பாட்டு நிற்காது. விஎல்சியின் 'பிரிஃபரன்சஸ்' பக்கத்தில் அடியிலுள்ள 'ஆல்' என்பதைத் தேர்ந்து, 'இன்புட் / கோடெக்ஸ்' பகுதிக்குச் சென்றால், 'நெட்வொர்க் கேச்சிங்' என்ற இடத்தில் 1000 மில்லிநொடி, அதாவது ஒரே நொடி, என்று இருக்கும். அதை 5000 ஆக்கினால் பாட்டு தொடங்கச் சற்றுத் தாமதமாகும், ஆனால் அறுபடுவது குறையும்.

டேட்டாவின் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் நிலையம் மணிக்கு ஏறத்தாழ 58 எம்.பி. டேட்டாவையும், 64 கிலோபிட் நிலையம் அதில் பாதியையும் எடுத்துக்கொள்ளும். பேச்சும் செய்தியும் கேட்பதற்கு 48 கிலோபிட் ஏஏசியே தெளிவாக இருக்கும் என்பதால், ஒரே நிலையம் இரண்டு தரங்களில் கிடைக்குமானால், நாள்தோறும் டேட்டா அளவு வரையறுக்கப்பட்ட கைபேசி இணைப்பிலிருந்து கணினிக்கு இணையம் எடுப்போர் தாழ்ந்ததையே தேர்ந்தெடுக்கலாம்.

முகவரிகளைத் தேட ரேடியோ பிரவுசர் என்ற பொதுப்பட்டியல் உதவும். தன்னார்வலர்கள் பேணிவரும் அதில் மொழிவாரியாகத் தமிழ் நிலையங்களைத் தேடலாம். கிடைத்தவற்றை நோட்பேடில் வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யு8 வகைக் கோப்பாகச் சேமித்தால், பெரும்பாலான பிளேயர்களில் திறக்கும் பட்டியல் ஒன்று உருவாகிவிடும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 குறியீட்டைத் தேர்வது கட்டாயம். இல்லாவிட்டால், கோப்பில் நிலையப் பெயர்களையும் தமிழில் எழுதியிருந்தால் அவை கேள்விக்குறிகளாகிவிடும்.