பனி போனால் கரை விழும்: தெற்கு லோனக் ஏரி

தி.நகர்ல பழைய வீட்டை இடிச்சு, அடுக்குமாடிக்கு ஆழமா தோண்டும்போது கவனிச்சிருப்பீங்க. பக்கத்து வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருப்பாங்க. அதுவரை அந்தச் சுவரைத் தாங்கினது இடிச்ச வீடும் தோண்டின மண்ணும்தான். பனியாறு உருகிப் பின்வாங்கும் பள்ளத்தாக்கிலும் இதே கதை. முட்டுக் கொடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

பனியாறு நகரும்போது கல்லையும் மண்ணையும் இருபுறமும் கரையாகக் குவிக்கும். அதற்கு மொரெய்ன் என்று பெயர். பனி இருக்கும்வரை அதுவே கரைக்குத் தாங்கல். பனி இறங்கியதும் செங்குத்தான குவியல்தான் மிஞ்சும். உள்ளே உறைந்திருக்கும் நீர்தான் சிமென்ட் மாதிரி பிடிச்சிருக்கும். கரன்ட் போன ஃப்ரீசர் போல அதுவும் மெல்ல இளகிவிடும்.

வட சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி அப்படிப் பனி விட்டுப்போன இடத்தில் உருவானது. 1977-ல் சுமார் 18 ஹெக்டேர். 2023 செப்டம்பரில் 160-ஐத் தாண்டிவிட்டது. அதன் பக்கவாட்டுக் கரை சில ஆண்டுகளாகவே நகர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர் 3 இரவு ஏறக்குறைய 1.47 கோடி கன மீட்டர் மொரெய்ன் மொத்தமாக ஏரிக்குள் சரிந்தது. சுமார் 20 மீட்டர் உயர அலை எழும்பி, ஏரியின் முன்கரையை உடைத்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. முதல் செய்திகளில் இதை 'மேகவெடிப்பு' என்றார்கள்.

எனக்கு வியப்பா இருந்தது வேறொரு கணக்கு. ஏரியிலிருந்து வெளியேறிய தண்ணீர் சுமார் 5 கோடி கன மீட்டர். அது அரித்தெடுத்த மண்ணும் கல்லுமோ சுமார் 27 கோடி! தன்னைப்போல ஐந்து மடங்கு. எப்படி? ஆற்றோரச் சரிவுகளின் அடியை வெள்ளம் அரித்ததும், மேலே இருப்பது தானாக இறங்குது. மறுபடியும் முட்டு போன கதைதான். வழிநெடுக இப்படி 45 நிலச்சரிவுகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஒரு பள்ளத்தாக்கின் உருவம் ஒரே ராத்திரியில் மாறுவது இப்படித்தான்.

அந்த மண் கீழே போய்ப் படிந்ததில் தீஸ்தாவின் படுகையே உயர்ந்துவிட்டது. 2024 மழைக்காலத்தில் கலிம்போங் பக்கம் தீஸ்தா பஜாரில் ஆறு ரோட்டுக்கே ஏறி வந்தது. மேலே, ஏரி முழுசா வடியவில்லை. பனியாறு இன்னும் பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கு.