வெயில் இன்னைக்கு, கறுப்பு நாளன்னைக்கு

சித்திரை வெயில்ல அலைஞ்சிட்டு வந்தா, அன்னைக்கே முகம் கொஞ்சம் மங்கித்தான் போகுது. ஆனா, "என்ன இப்படிக் கறுத்துட்டே?"ன்னு வீட்டுல கேட்கிறது பெரும்பாலும் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான். ஏன் இந்தத் தாமதம்?

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர், தோல் செல்லுக்குள்ள புகுந்து மரபணுவைச் சேதப்படுத்துது. அடிபட்ட செல் சும்மா இருக்காது. பக்கத்துல நிறமி தயாரிக்கிற செல்லுக்கு உடனே தகவல் அனுப்புது. அங்கே டைரோசினேஸ்னு ஒரு நொதி இருக்கு. நிறம் உண்டாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறதே இதுதான். தகவல் வந்ததும் இந்த நொதி அதிகமாக உருவாகி, மெலனின்ங்கிற நிறமியைத் தயாரிக்க ஆரம்பிக்குது. அதுக்குத்தான் அந்த ரெண்டு மூணு நாள்.

அழகான விஷயம் இனிமேதான். அந்த மெலனின், பக்கத்து செல்களுக்குப் போய், மரபணு இருக்கிற உட்கருவுக்கு மேலே குடை பிடிச்ச மாதிரி நிக்குது. அதுவும் வெயில் வர்ற பக்கமாப் பார்த்து!

ஆனா இந்தக் குடை முழுசா காப்பாத்தாது. உச்சி வெயில்ல போறப்ப நிஜக் குடை ஒண்ணும் கையில இருக்கட்டும்.